தாமதமாக வாசிக்கும் பிள்ளைக்கு வீட்டிலேயே தமிழ் கற்பித்தல்: முழுமையான வழிகாட்டி

நம் ஊரில் மூன்றரை வயதில் எல்.கே.ஜி., நான்கு வயதில் கோடு போட்ட நோட்டில் அ, ஆ, ஐந்தரை வயதுக்குள் ஒரு சின்னப் பாடத்தை வாசித்துக் காட்ட வேண்டும். பள்ளிகள் தங்கள் வசதிக்காகப் போட்ட இந்தக் கணக்கு, வீட்டிலேயே பிள்ளையைப் படிக்கவைக்கும் பெற்றோரின் தலையிலும் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பின்லாந்தில் பிள்ளைக்கு 7 வயது நிறையும் ஆண்டில்தான் முதல் வகுப்பே தொடங்குகிறது. அதனால் அந்த நாடு ஒன்றும் எழுத்தறிவில் பின்தங்கிவிடவில்லை.

ஆனால் "தானாக வரும், விட்டுவிடுங்கள்" என்ற அறிவுரையையும் நான் ஏற்பதில்லை. பேச்சு தானாக வரும். வாசிப்பு, பெரும்பாலான பிள்ளைகளுக்கு, ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால்தான் வரும். தினமும் கொஞ்சம் கற்பித்து, நடந்ததைக் குறித்துவைத்து, பிள்ளையின் வேகத்துக்கு நம் வேகத்தைக் குறைத்துக்கொள்வதைத்தான் பொறுமை என்கிறேன். கீழே சொல்லப்படுபவை, வீட்டில் தமிழ் பேசும், 6 முதல் 10 வயதுக்குள் இருக்கும், இன்னும் வாசிப்புக் கைகூடாத பிள்ளைகளுக்கானவை.

முதல் படி: கண், காது, குடும்பக் கதை

எழுத்து அட்டையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் கண் மருத்துவரிடம் போய் வாருங்கள். கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் தூரப்பார்வைக் கோளாறு உள்ள பிள்ளை, வாசலில் வரும் ஆட்டோவின் எண்ணைக்கூடச் சரியாகச் சொல்லும். புத்தகத்தை விரித்தால் கண்ணைக் கசக்கும், தலைவலி என்னும். "பார்வை நன்றாகத்தானே இருக்கிறது" என்று நாமும் ஏமாந்துவிடுவோம். ஒரு கண் மட்டும் சோம்பிப்போயிருந்தால் அதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடிப்பது நல்லது. வயது ஏற ஏறச் சிகிச்சையின் பலன் குறையும்.

அடுத்தது காது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்ளும். பேசுவது கேட்கும், ஆனால் கலங்கலாகக் கேட்கும். 'பல்', 'பால்' இரண்டையும் காது பிரித்துத் தராவிட்டால் கண் மட்டும் எப்படிப் பிரிக்கும்? டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது ஆகியவை இருந்தால் காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பார்த்து, கேட்கும் திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

மூன்றாவது விசாரணையை வீட்டுக்குள்ளேயே நடத்தலாம். அப்பாவோ மாமாவோ அத்தையோ சின்ன வயதில் வாசிக்கத் திணறினார்களா? அறிவில் குறையில்லாமலே எழுத்தை வாசிக்கத் திணறவைக்கும் டிஸ்லெக்ஸியா குடும்பத்தில் தொடரக்கூடியது. தாத்தாவிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். "உன் அப்பன் நாலாம் வகுப்பு வரைக்கும் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தவன்தான்" என்று சிரித்துக்கொண்டே முக்கியமான தகவலைத் தருவார்.

இரண்டாம் படி: காகித பயத்தைத் தீர்த்துக்கொள்வது

2009 கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பேசுகிறது. வீட்டுக்கல்விக்கென்று அதில் தனி வழிமுறை கிடையாது. அதனால் குடும்பங்கள் ஒரு மங்கலான இடத்தில்தான் நிற்கின்றன. அதை மறைப்பதில் பயனில்லை. நடைமுறையில் உதவுபவை இரண்டு. பிள்ளை எப்போது பள்ளிக்குத் திரும்பினாலும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கப்பட வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மற்றொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதிவு செய்யலாம். ஆகவே 7 வயதில் வாசிக்காத பிள்ளைக்குத் தேர்வு என்ற ஒன்று வரவே இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டாலே வீட்டில் குரல்கள் தணியும்.

மூன்றாம் படி: கற்பதை வாசிப்புக்குக் காத்திருக்க வைக்காதீர்கள்

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது இதைத்தான். வாசிக்கத் தெரியவில்லை என்பதற்காக அறிவியலையும் கணக்கையும் கதையையும் நிறுத்திவைத்தால், 9 வயதில் எழுத்துக்கூட்டத் தெரிந்த பிறகும் பிள்ளையிடம் வாசித்ததைப் புரிந்துகொள்ளும் சரக்கு இருக்காது.

தினமும் முக்கால் மணி நேரமாவது உரக்க வாசித்துக் காட்டுங்கள். பிள்ளையின் வாசிப்பு நிலைக்கு அல்ல, அறிவு நிலைக்கு ஏற்ற புத்தகமாக எடுங்கள். 8 வயதுப் பிள்ளைக்குப் பாம்புகள், கப்பல்கள், சோழர் காலக் கோயில்கள் என்று எது பிடிக்குமோ அது. கணக்கு வாயாலேயே நடக்கட்டும்: மளிகைக் கடை பாக்கி, பஸ் கட்டணம், படி அளவு, பல்லாங்குழி.

உரக்க வாசிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தமிழுக்கு இது மிகவும் பொருந்தும். நம் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் தமிழ் வேறு, புத்தகத்தில் இருக்கும் தமிழ் வேறு. 'வந்துட்டு இருந்தான்' என்று கேட்டே வளர்ந்த பிள்ளை, 'வந்துகொண்டிருந்தான்' என்பதைச் சிரமப்பட்டு எழுத்துக்கூட்டி முடித்தாலும், முடிவில் கிடைப்பது அதற்குத் தெரியாத ஒரு சொல்லாக இருக்கிறது. பாதி உழைப்பு அங்கேயே வீணாகிறது. ஆகவே கதை வாசிக்கும்போது பேச்சுத் தமிழாக மாற்றிச் சொல்லாதீர்கள். அச்சில் உள்ளபடியே வாசியுங்கள். புரியாவிட்டால் பிறகு விளக்குங்கள். 'என்றாள்', 'அதற்குள்', 'ஆகையால்' எல்லாம் காதில் ஊறியிருந்தால், கண்ணில் படும்போது பாதிச் சொல்லைப் பார்த்தே மீதியைப் பிள்ளை பிடித்துவிடும்.

பிள்ளை சொல்வதை நீங்கள் எழுதுவதும் இந்தப் படியில் சேரும். வாரத்துக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கதையோ, பார்த்த விஷயமோ சொல்லச் சொல்லி, பெரிய எழுத்தில், நாலைந்து வரியில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். நாய் குரைத்தது, தண்ணீர் லாரி வந்தது, எதுவானாலும் சரி. இந்த நோட்டுக்கு ஏழாம் படியில் வேலை இருக்கிறது.

நான்காம் படி: எழுத்தில்லாத ஒலி விளையாட்டு

சொல் என்பது ஒலிகளால் ஆனது, அவற்றைப் பிரிக்கலாம், மாற்றலாம் என்பது காதுக்குத் தெரிய வேண்டும். இதற்கு மேஜையும் நாற்காலியும் வேண்டாம். சாப்பிடும்போதும் பஸ்ஸிலும் விளையாடலாம்.

'படம்' சொல்லிவிட்டு, "ப-வை எடுத்துவிட்டு ம போடு" என்று கேளுங்கள்: மடம். அப்புறம் வடம், தடம், கடம். 'பகல்' என்பதில் முதல் எழுத்தைச் சாப்பிட்டுவிட்டால்? கல். 'சிகரம்'? கரம். ஒருவர் சொன்ன சொல்லின் கடைசி ஒலியில் அடுத்தவர் தொடங்கும் அந்தாதி விளையாட்டு நீண்ட பஸ் பயணத்துக்கு ஏற்றது.

தமிழில் தனிக் கவனம் கேட்பது குறில், நெடில். கல்-கால், பட்டு-பாட்டு, விடு-வீடு, முடி-மூடி, எடு-ஏடு, கொடு-கோடு. ஒன்றைச் சொல்லிக் கையைக் குறுக்கிக் காட்ட வேண்டும், மற்றொன்றுக்கு அகல விரிக்க வேண்டும். இந்த ஜோடிகளைக் காதால் தவறாமல் பிரிக்கும் பிள்ளைக்குத் துணைக்கால் எதற்கு என்று பிறகு விளக்கவே வேண்டியிருக்காது.

சில வாரங்கள் விளையாடியும் 'படம்', 'பல்', 'கடல்' மூன்றில் எது வேறு ஒலியில் தொடங்குகிறது என்று ஒரு 7 வயதுப் பிள்ளையால் சொல்ல முடியவில்லை என்றால் ஒரு தனிக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிப் படியில் அது தேவைப்படும்.

ஐந்தாம் படி: 247-ஐ மறந்துவிட்டு எழுத்துகளை வரிசைப்படுத்துவது

சுவரில் தொங்கும் 247 எழுத்து அட்டவணையைக் கொஞ்ச நாள் சுருட்டி வையுங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, மற்ற 216-ம் இவற்றின் சேர்க்கை. இதிலும் பல நடைமுறையில் வருவதே இல்லை. 'ஙௌ' என்ற எழுத்தை ஒரு சொல்லுக்குள் வைத்து யாராவது வாசித்திருக்கிறோமா? ஆனாலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 'ங்' மட்டும் போதும், 'தங்கம்', 'பங்கு' வாசிக்க.

நான் பரிந்துரைக்கும் வரிசை இது. முதலில் உருவத்தில் ஒன்றையொன்று குழப்பாத ட, ப, ம, க, ர ஆகிய ஐந்தும், அவற்றின் புள்ளி வைத்த வடிவங்களும். இவ்வளவு போதும்: படம், மரம், பட்டம், கட்டம், பக்கம், கம்பம், பம்பரம். முதல் மாதத்திலேயே முழுச்சொற்களை வாசித்துவிட்டோம் என்ற பெருமை பிள்ளைக்கு வரும். 'கம்பம்' என்பதில் நடுவில் உள்ள ப வேறு மாதிரி ஒலிக்கிறதே என்ற கவலை உங்களுக்கு வரலாம். பிள்ளைக்கு வராது. தெரிந்த சொல் என்பதால் நாக்கே திருத்திக்கொள்ளும்; விதியாகச் சொல்லிக் குழப்ப வேண்டாம்.

அடுத்து அ, ஆ, இ, ஈ போன்ற உயிர்கள் சிலவும், மேலும் நாலைந்து மெய்களும், துணைக்காலும். ஒரே மாதிரி இருப்பவற்றை ஒரே வாரத்தில் அறிமுகப்படுத்தாதீர்கள். ன-வை நன்றாகப் பிடித்த பிறகு, பல வாரங்கள் கழித்து ண. ப-வும் ய-வும் அப்படியே, எ-வும் ஏ-வும் அப்படியே. ர-வும் துணைக்காலும் அச்சில் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். 'பாரம்', 'காரம்' என்று எழுதி, ர-வின் கீழே இருக்கும் சின்னக் காலை விரலால் தொடச் சொல்லுங்கள்.

பிறகு இகர, ஈகாரக் குறிகள். உகரத்துக்கு வரும்போது வேகத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும், ஏனென்றால் அங்கே குறி ஒன்றல்ல. பு, சு, வு, யு ஆகியவை கீழே ஒரு கோடு இறக்கும். து, நு, று, னு, லு வலப்பக்கம் கால் நீட்டி மேலே ஏறும். கு, டு, மு, ரு, ளு, ழு சுழித்துக்கொள்ளும். ஒரு குடும்பத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. ஊகாரம் அதைவிடச் சிக்கல். அதற்கு அவசரமே இல்லை.

கடைசியாக ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரம். இங்கேதான் பல பிள்ளைகள் முட்டிக்கொண்டு நிற்பார்கள். 'செடி' என்பதில் கண்ணுக்கு முதலில் கொம்பு வருகிறது, வாய்க்கோ முதலில் ச் வருகிறது. 'கோழி'யில் க-வுக்கு இரண்டு பக்கமும் குறி நிற்கிறது. ஒரு சின்ன அட்டையால் கொம்பை மறைத்து, முதலில் நடுவில் உள்ள எழுத்தைத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு அட்டையை எடுங்கள். ஒரு மாதம் இதிலேயே போனாலும் போகட்டும்.

ல, ள, ழ ஒலி வேறுபாட்டுக்காக வாசிப்பை நிறுத்தித் திருத்துவது எனக்கு உடன்பாடில்லை. வடிவம் தெரிந்தால் போதும். உச்சரிப்புக்குத் தனியாக நேரம் வையுங்கள். இன்னொன்று: தாத்தாவின் அலமாரியில் இருக்கும் பழைய புத்தகங்களை இப்போது தராதீர்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவில் இருக்கும்.

ஆறாம் படி: ஒரு நாளைக்குக் கால் மணி நேரம்

வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் உட்காரவைப்பதைவிட இது எத்தனையோ மடங்கு மேல். காலை உணவுக்குப் பிறகு, வயிறு நிறைந்து, வீடு அமைதியாக இருக்கும் நேரமாகப் பாருங்கள்.

முதல் மூன்று நிமிடம் தெரிந்த எழுத்து அட்டைகள். அடுத்து ஒரே ஒரு புதிய எழுத்து: தட்டில் பரப்பிய அரிசி மாவிலோ மணலிலோ விரலால், ஒலியை உரக்கச் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலில் எழுதவைத்தார்கள் என்பது பழம்பெருமைக்காகச் சொல்லப்படுவதல்ல. விரலும் வாயும் காதும் ஒரே நேரத்தில் வேலை செய்தால் எழுத்து மனதில் தங்குகிறது. பிறகு அட்டைகளை நகர்த்திச் சொல் உருவாக்குவது. கடைசியில் இரண்டு மூன்று வரி வாசிப்பு. இன்னும் கொஞ்சம் போகலாமே என்று தோன்றும் இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

பிள்ளை தயங்கினால் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். வரவில்லையா, நீங்களே ஒலியைச் சொல்லிவிட்டு மேலே போங்கள். "நேற்றுத்தானே சொல்லிக்கொடுத்தேன்" என்ற வாக்கியத்தை வீட்டில் தடை செய்துவிடலாம். நேற்றுத் தெரிந்தது இன்று மறப்பது இந்தப் பிள்ளைகளின் வழக்கம். ஒரு எழுத்தைப் பத்து முறை பார்த்தால் போதும் என்பவருக்கும் நூறு முறை பார்க்க வேண்டியவருக்கும் அறிவில் வித்தியாசம் கிடையாது.

குறிப்பு நோட்டில் தேதி, எடுத்த எழுத்து, தடுமாறிய இடம் ஆகிய மூன்றை மட்டும் எழுதுங்கள். தினமும் பார்த்தால் முன்னேற்றமே தெரியாது. இரண்டு மாதம் கழித்துப் பின்னால் புரட்டினால் தெரியும்.

ஏழாம் படி: எழுத்திலிருந்து வரிக்கு

'ப... ட... ம்' என்று தனித்தனியாகச் சொல்லிவிட்டு, என்ன சொல் என்று கேட்டால் விழிக்கும் பிள்ளைகள் உண்டு. இவர்களுக்கு எழுத்துகளுக்கு இடையே நிறுத்தாமல் இழுத்துச் சொல்லப் பழக்க வேண்டும்: விரலை எழுத்துகளின் கீழே நகர்த்தியபடி, பாட்டுப் பாடுவதுபோல, மூச்சு விடாமல். இரண்டெழுத்துச் சொற்களில் தொடங்கினால் எளிது.

முதல் வாசிப்புப் புத்தகமாக, மூன்றாம் படியில் நீங்கள் எழுதிவைத்த நோட்டையே எடுங்கள். அதில் இருப்பது பிள்ளையின் சொந்த வாக்கியம்; அடுத்த சொல் என்ன என்று அதற்குத் தெரியும்; எழுத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டால் போதும். மனப்பாடமாக ஒப்பிக்கிறதோ என்ற சந்தேகம் வந்தால், நடுவில் ஒரு சொல்லைச் சுட்டிக் கேளுங்கள்.

அடுத்த கட்டத்தில் சேர்ந்து வாசித்தல். நீங்களும் பிள்ளையும் ஒரே குரலில் வாசிக்கிறீர்கள். பிள்ளை தடுமாறினால் உங்கள் குரல் தூக்கிச் செல்லும், தெம்பு வந்தால் உங்கள் குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம். ஒரே பத்தியை மூன்று நான்கு நாள் வாசிப்பதில் தவறில்லை. தமிழ்ச் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீள்வதால், 'பள்ளிக்கூடத்திலிருந்து' போன்றவற்றைப் பென்சிலால் வெட்டிக்கொடுங்கள்: பள்ளிக் / கூடத்தி / லிருந்து. சில மாதங்களில் பிள்ளையே மனதுக்குள் வெட்டிக்கொள்ளும்.

புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் நிலைவாரியாகத் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். பஸ்ஸின் நெற்றியில் ஓடும் ஊர்ப் பெயர், டீக்கடைப் பலகை, மளிகைச் சீட்டு எல்லாம் வாசிப்புதான்.

ஆங்கிலம்? என் கருத்தில், வீட்டு மொழி தமிழாக இருந்தால், எளிய தமிழ் வரிகள் சரளமாகும்வரை ஆங்கில எழுத்துகளைத் தள்ளிவைக்கலாம். தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஓரளவு நேரானது, ஆங்கிலத்தில் அப்படியில்லை. ஆங்கிலப் பேச்சும் கதை கேட்பதும் மட்டும் தொடரட்டும். விரைவில் ஆங்கிலவழிப் பள்ளிக்குப் போகப்போகிற பிள்ளை என்றால் இரண்டையும் நடத்தித்தான் ஆக வேண்டும்; அப்போது ஒன்று காலையில், மற்றொன்று மாலையில்.

எட்டாம் படி: உறவினர்களும் தம்பி தங்கைகளும்

கல்யாண வீட்டில் யாராவது ஒரு பெரியம்மா பத்திரிகையை நீட்டி, "எங்கே, இதை வாசி கண்ணு" என்பார். பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கும். "பெரியம்மா, நாங்கள் இப்போதுதான் எழுத்து பழகுகிறோம். ராக்கெட் எப்படிப் போகிறது என்று கேளுங்கள், விளக்கமாகச் சொல்வான்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நகருங்கள். பொய்யும் சொல்ல வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். பிள்ளை எதிரில் அதன் வாசிப்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள்.

தங்கை முந்திக்கொண்டு வாசிக்கத் தொடங்குவது இதைவிட வலிக்கும். இருவரையும் ஒரே நேரத்தில் ஒரே பாயில் உட்காரவைக்காதீர்கள். அண்ணனுக்கு என்று ஒரு கலை வீட்டில் இருக்கட்டும், சைக்கிள் பழுது பார்ப்பதோ, தோசை வார்ப்பதோ, சதுரங்கமோ.

ஒன்பதாம் படி: எப்போது வெளியே உதவி கேட்பது

7 வயது தாண்டி, மேலே சொன்னபடி ஆறு மாதம் விடாமல் கற்பித்தும் பத்துப் பதினைந்து எழுத்துகூட நிலைக்கவில்லை. ஒலி விளையாட்டு பிடிபடவில்லை. கிழமைகளின் வரிசை குழம்புகிறது. படத்தைப் பார்த்து ஊகித்தே சொல்கிறது. குடும்பத்திலும் கதை உண்டு. இவற்றில் இரண்டு மூன்று ஒன்றாகச் சேர்ந்தால் மேலும் காத்திருப்பது நியாயமில்லை. எழுத்தைக் கண்ணாடி பிம்பமாக எழுதுவது மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். 6 வயதுவரை அது பலரிடமும் உண்டு.

மாவட்ட அரசு மருத்துவமனைகளோடு இணைந்த ஆரம்ப நிலை இடையீட்டு மையத்தில் விசாரிக்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கமும், முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. டிஸ்லெக்ஸியா போன்ற 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடு' 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் பெற்றவர்களுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. சான்றிதழுக்குப் பொதுவாக 8 வயது நிறைந்திருக்க வேண்டும். உதவி தொடங்க அந்த வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. போகும்போது உங்கள் குறிப்பு நோட்டையும் கொண்டுபோங்கள். மதிப்பீடு செய்பவருக்கு அதைப்போல் உதவும் ஆவணம் வேறில்லை.

வாசிப்பு வந்த பிறகு

வந்துவிட்டது என்று தெரிந்ததும் உரக்க வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடும் வீடுகள் பல. இன்னும் இரண்டு ஆண்டுகளாவது தொடருங்கள்; பிள்ளையால் தானே வாசிக்க முடிவதற்கும், புரிந்து ரசிக்க முடிவதற்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கும். எழுத்துப்பிழை வெகுநாள் நிற்கும். ன, ண, ந குழப்பமும், ஒற்று மிகும் இடங்களும் பின்னால் பார்த்துக்கொள்ளக் கூடியவை. கதை எழுதித் தந்தால் சிவப்புப் பேனாவை எடுக்காமல், முதலில் கதையைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு பிழை வகையை மட்டும் தேர்ந்தெடுத்து, அதற்கென்று தனியாக ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.